மழையில் ஆடும் திவி தீவு லீக்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனிமேலாவது பசங்களோடு மைதானத்தில் இறங்காமல், ஓரமாக நின்று விசில் மட்டும் ஊது. இங்கே எல்லோரும் சுகம். துணி காயாத மழைக்காலம்.

"பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அதெல்லாம் ஃபுட்பாலா?" என்று ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலைப் பற்றிக் கேட்டிருந்தாய். விதிகளை முழுசாக எழுதினால் உனக்குத் தூக்கம் வந்துவிடும். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 18 பேர், நடுக்கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, கொஞ்சம் விலகி ஓரக்கம்பத்துக்குள் போனால் 1. இது போதும். நான் சொல்ல வந்தது திவி தீவுகளின் லீக் பற்றி.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வின் நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் பாதர்ஸ்ட், மெல்வில் என்று இரண்டு தீவுகள். இரண்டிலும் சேர்த்து 3,000 பேர்கூடத் தேறமாட்டார்கள், பெரும்பாலோர் திவி பழங்குடி மக்கள். 1911-இல் பாதர்ஸ்டில் கத்தோலிக்க மிஷன் வந்தது. 1941-இல் ஜான் பை என்கிற பிரதர் அங்கே இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். லீக் முறையாக ஆரம்பித்தது 1969-இல்தான். ஆனால் அதற்குள்ளேயே தீவுக்காரர்கள் டார்வினை ஒரு கலக்குக் கலக்கிவிட்டார்கள். ராணுவத்திலும் விமானப்படையிலும் வேலைக்கு வந்த திவி ஆட்கள் ஆட வேண்டும் என்றுதான் 1952-இல் செயின்ட் மேரிஸ் கிளப்பே தொடங்கப்பட்டது. அது இதுவரை 30 கோப்பைகளுக்கு மேல் தூக்கியிருக்கிறது.

திவி ஆட்டக்காரர்களில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் டேவிட் கண்டில்லா. 1961-இல் அடிலெய்டுக்குப் போய், சவுத் அடிலெய்டு அணிக்காக முதல் ஆட்டத்திலேயே 6 கோல் போட்டார். 1963-இல் கடைசி இடத்தில் கிடந்த அந்த அணி 1964-இல் கோப்பையை வென்றது. அதிலும் அவர் இருந்தார். பழங்குடி மக்களை மக்கள்தொகைக் கணக்கிலேயே முழுதாகச் சேர்க்காத காலம் அது, யோசித்துப் பார்.

அப்புறம் அதே தீவுகளின் ரியோலி குடும்பம். மெல்போர்னில் நடக்கும் தேசிய இறுதிப்போட்டியில் சிறந்த ஆட்டக்காரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் கொடுப்பார்கள். 1982-இல் மாரிஸ் ரியோலி, தோற்ற அணியில் ஆடியும் அதை வாங்கினார். 1993-இல் மைக்கேல் லாங். 2015-இல் சிரில் ரியோலி. சிரிலுக்கு மாரிஸ் அப்பாவின் சகோதரர், மைக்கேல் லாங் தாய்மாமன்!

லாங் குடும்பம் தீவுக்கு வந்த கதைதான் கசப்பு. கலப்புப் பிறப்பு என்று சொல்லி, பெற்றோரிடமிருந்து அரசாங்கம் பிடுங்கிய குழந்தைகளை மெல்வில் தீவின் கார்டன் பாயின்ட் மிஷனில் கொண்டுபோய் வளர்த்தார்கள். மைக்கேலின் அப்பா, அம்மா இருவருமே அப்படிப் பிடுங்கப்பட்டவர்கள். அதனால், மிஷன் பந்தைக் கொடுத்தது, தீவு புகழ் பெற்றது என்று யாராவது இனிப்பாக எழுதினால் எனக்கு எரிச்சல் வருகிறது. பந்தும் வந்தது, இதுவும் நடந்தது.

பெரிய கிளப்புகளின் ஆட்கள் திறமையைத் தேடி அங்கே போகிறார்கள். போகட்டும். ஆனால் அவர்களுக்கு ஆள் அனுப்புவதற்காக அந்த லீக் நடக்கவில்லை. ஜெயிக்கப்போகும் தீவு அணி இமாலு டைகர்ஸா, துயு பஃபலோஸா என்பதுதான் அங்கே பேச்சு. மழைக்காலத்தில்தான் சீசன், வெயில் காலத்தில் தரை கல்லாக இறுகிவிடும். பலர் வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். சேற்றில் வழுக்கும் பந்தைக் குனிந்து ஒரே கையால் அள்ளி, நிமிர்வதற்குள் முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்கு அனுப்பிவிடுகிறான். கோல் விழுந்தால் மைதானத்தைச் சுற்றி நிற்கும் கார்களெல்லாம் ஹாரன் அடிக்கும்.

மார்ச்சில் பாதர்ஸ்ட் தீவின் வுருமியாங்கா ஊரில் லீக் இறுதிப்போட்டி. மற்ற நாட்களில் தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அன்றைக்கு வேண்டாம். அதே நாளில் கலைச் சந்தையும் உண்டு. காவி மண் பூசிய மரப்பறவைகள், அச்சிட்ட துணிகள் எல்லாம் கிடைக்கும். நல்லதெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடும், மாலா அதற்குத்தான் வருவாள்.

உன் கால் தேறியதும் வா. படகில் இரண்டரை மணி நேரப் பயணம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் டிசம்பருக்குள் தகவல் சொல். அந்த 14 வயசுக் கோல்கீப்பர் பையனை ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் சேர்த்துக்கொண்டார்களா, இல்லையா? அதை எழுதாமலே விட்டுவிட்டாய்.

அன்புடன்,
ராஜன்