விடுதிக்கு ஒரே மணி போதும், தாளாளர் ஐயா

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை என்னை எதற்கு வரச் சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பையன் இயற்பியல் வகுப்பில் தூங்குகிறான், ஒரு மாதத்தில் இது நான்காவது முறை, அப்பா வந்து கையெழுத்துப் போட்டால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்றார்கள். கைக்கு வந்த புனே லோடை வேறு வண்டிக்குத் தள்ளிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு உங்கள் எதிரில் வாய் வரவில்லை. அதனால் இந்த மடல். மற்ற பெற்றோர்களும் படிக்கட்டும் என்றே எல்லோர் பார்வைக்கும் வைக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

கேட்பது ஒன்றுதான். விடுதியில் காலையில் ஒரே ஒரு மணி அடியுங்கள். அதை ஆறு மணிக்கு அடியுங்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு புது ஏற்பாடு வந்தது. 4.00-க்கு முதல் மணி, 4.10-க்கு இரண்டாவது, 4.20-க்கு மூன்றாவது, 4.30-க்கு சைரன், 4.45-க்கு படிப்பு ஹாலில் வருகைப் பதிவு. பிள்ளைகள் பதறாமல் படிப்படியாக எழுந்திருக்கத்தான் இத்தனை மணி என்று பெற்றோர் கூட்டத்தில் மைக்கில் சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மறைக்கவில்லை.

நான் 22 வருடமாக லாரி ஓட்டுகிறேன். படிப்பைப் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தகுதி கிடையாது. தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் விடிகிற வரைக்கும் உடம்பு நம் பேச்சைக் கேட்காது. கண் திறந்திருக்கும், ரோடும் தெரியும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டான். அந்த நேரத்தில் ஓரம் கட்டிப் படுத்தால், எழுந்தவுடன் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன். இறங்கி முகம் கழுவி, ராடால் பத்து டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, டீயும் குடித்த பிறகுதான் சாவி. அரை மணி நேரம் போய்விடும், போகட்டும். நர்சிங் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரை எழுப்பினால் மூளை தெளிய அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்றாள். உங்கள் விடுதியில் சைரன் அடித்து கால் மணி நேரத்தில் இயற்பியல் கணக்கு.

பொங்கல் விடுமுறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். போகி அன்று விடியக்காலம், எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஸ்பீக்கர் போட்டார்கள். நான் அப்போதுதான் டிரிப் முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே படுத்திருந்த பையன் சட்டென்று எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றான், முன்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிற மாதிரி. "என்ன சாமி?" என்றேன். "ரெண்டாவது பெல் அடிச்சாச்சாப்பா?" என்று கேட்டான். கண் திறந்துதான் இருந்தது. அவன் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். பதினொரு மணிக்கு எழுந்தவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. அந்தக் கண்ணை நான் ரோட்டில் பார்த்திருக்கிறேன் ஐயா, எதிரே வருகிற வண்டிகளில்.

எத்தனையாவது மணி என்று பிள்ளைகள் தூக்கத்திலேயே எண்ணுகிறார்கள். முதல் மணியில் விழிப்பு வந்துவிடுகிறது. இன்னும் மூன்று இருக்கிறதே என்று கண்ணை மூடுகிறார்கள். அடுத்த பத்து நிமிடம் தூக்கத்திலும் சேராது, விழிப்பிலும் சேராது. என் மகளும் முன்பு செல்போனில் ஐந்து அலாரம் வைத்து ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தவள்தான். படிப்பில் இந்தப் பாடம் வந்த பிறகு ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். இரவின் கடைசிப் பங்கில்தான் கனவு வருகிற தூக்கம் அதிகமாம். பகலில் படித்தது மனதில் தங்கவும் தூக்கம்தான் கை கொடுக்க வேண்டும். ஐந்து மணி நேரத்தோடு அந்தக் கடைசிப் பங்கை வெட்டிவிட்டு, மிச்சம் மீதியையும் மணியடித்துத் துண்டு போடுகிறீர்கள். அப்புறம் பையன் வகுப்பில் தூங்குகிறான் என்று எனக்குப் போன் வருகிறது.

சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள் என்றார் வார்டன். இரவுப் படிப்பு முடிவதே 10.30-க்கு. விளக்கை அணைக்க 11 ஆகிறது. அப்படியே ஒன்பதுக்கு அணைத்தாலும் பதினேழு வயதுப் பையனுக்கு அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வராதாம். இந்த வயதில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி ஓடுமாம், தூக்கமும் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டுமாம். இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், பெரிய பிள்ளைகளுக்கான பள்ளிகளை 8.30-க்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்திவிட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆறு மணிதான் கேட்கிறேன்.

பிரம்ம முகூர்த்தத்தில் படித்தால் பதியும் என்று சொல்வீர்கள். எங்கள் அப்பாருவும், அதாவது தாத்தாவும், நாலு மணிக்கு எழுந்து மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கப் போனவர்தான். அவர் இரவு எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டுக் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துவிடுவார். எழுந்த நேரத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் எப்படி?

இன்னொன்று. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், இன்றைக்கு வேலை முடித்த டிரைவருக்கு நாளைக்கு வேலை தொடங்கும்முன் தொடர்ந்து ஒன்பது மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றது. அது எங்களுக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கதை. எழுதியாவது வைத்தார்கள். உங்கள் பிள்ளைகள் தொழிலாளர்களாக இருந்திருந்தால் ஒரு லேபர் ஆபீசராவது வந்து நின்றிருப்பார். கட்டில், மெத்தைக்கென்று ரசீதில் தனியாகத் தொகை போடுகிறீர்களே, அதையாவது ஐந்து மணி நேரக் கணக்குக்குக் குறைத்திருக்கலாம். பைபாஸில் முதல் மதிப்பெண் பிள்ளைகளின் படத்தோடு பெரிய ஃபிளெக்ஸ் நிற்கிறது. இந்தப் பள்ளியில் முழுக் கண்ணும் திறந்திருக்கிற பிள்ளைகளை அங்கேதான் பார்த்தேன்.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போய்விட்டது. உங்கள் ஆசிரியர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. இயற்பியல் ஆசிரியர் அன்றைக்குப் பையனைத் திட்டவில்லை, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார் என்று அவனே சொன்னான். பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்பதும் தெரியும். அதனால்தான் தாமதிக்காமல் கேட்கிறேன். தயவுசெய்து ஒரே மணி. ஆறு மணிக்கு. ஒரு வாரம் நடத்திப் பாருங்கள், வகுப்பில் எத்தனை தலை சாய்கிறது என்று வார்டனை விட்டே எண்ணச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்திருக்கும் பையனை ஞாயிற்றுக்கிழமை மாலை நானே கொண்டுவந்து விடுகிறேன். திங்கட்கிழமை பெங்களூர் லோடு, அதனால் அன்றிரவு விடுதிக்கு எதிரே இருக்கும் காலி இடத்தில் வண்டியை நிறுத்திக் கேபினிலேயே படுத்துக்கொள்வேன். காலையில் ஒரே மணி கேட்டால் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். நாலு மணிக்கே ஆரம்பித்தால், ஒன்பது மணிக்கு உங்கள் அறை வாசலில் இருப்பேன். வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கவும்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் வகுப்பு 'சி' பிரிவு மாணவன் ஒருவனின் அப்பா