பரிசு ஸ்லாட் விளம்பரம்: உண்மையா என்று எதை வைத்துப் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பணம் கட்ட வேண்டாம், 500 ஸ்பின் இலவசம், விழுந்தால் ரொக்கம்’ என்று கைப்பேசியில் வரும் ஸ்லாட் (பட்டனை அழுத்திச் சக்கரத்தைச் சுழற்றும் அதிர்ஷ்ட விளையாட்டு) விளம்பரங்களைப் பற்றி எழுதுகிறேன். ஜல்லிக்கட்டுக் காளையையும் சித்திரைத் திருவிழாவையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் இவை வந்து நிற்கின்றன. ‘ஏமாறாதீர்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இளைஞர்கள் கேட்பதில்லை. ‘இது சூதாட்டம் இல்லை சார், ஸ்வீப்ஸ்டேக்ஸ், அமெரிக்காவில் சட்டப்படி நடப்பது’ என்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. படித்த பிள்ளைகளும் சிக்குவது அந்தப் பாதியால்தான்.

அமெரிக்கச் சட்டப்படி பரிசு, அதிர்ஷ்டம், கட்டணம் மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. கட்டாயக் கட்டணத்தை எடுத்துவிட்டால் ஸ்வீப்ஸ்டேக்ஸ். அதற்காகவே அங்குள்ள தளங்கள் இரண்டு வகைக் காயின் வைத்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் கோல்டு காயின் விளையாட மட்டுமே, பணமாகாது. அதோடு ‘இனாமாக’ ஒட்டிக்கொண்டு வரும் ஸ்வீப்ஸ் காயினைத்தான், பெரும்பாலும் ஒன்றுக்கு ஒரு டாலர் என்று, பரிசாக மாற்றலாம். ஒரு பைசா செலவழிக்காதவருக்கும் அந்தக் காயின் கிடைக்க வழி இருக்க வேண்டும். கையால் எழுதிய கடிதத்தைத் தபாலில் அனுப்பிக் கேட்பது வழக்கமான வழி. அந்தத் தபால் முகவரி, நடத்தும் நிறுவனத்தின் பெயர், சேரத் தகுதியுள்ள மாநிலங்கள், குறைந்தது எத்தனை காயின் சேர்ந்தால் மாற்றலாம் என்பவை எல்லாம் விதிமுறைப் பக்கத்தில் இருக்கும். இவை இல்லாத தளத்தை அமெரிக்காவிலேயே நம்ப மாட்டார்கள். அங்கும் இப்போது பிடி இறுகிவிட்டது. மொன்டானா, கனெக்டிகட், நியூஜெர்சி 2025-இல் தடைச் சட்டம் போட்டன. கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் தடை.

சரி, மேலூரில் இருப்பவர் விபிஎன் (இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் செயலி) போட்டு உள்ளே போய் ஜெயித்தால்? பணம் எடுக்கும் நேரத்தில் வசிப்பிடச் சான்று கேட்பார்கள். தகுதியில்லாத நாட்டில் இருந்து ஆடியதாகக் கணக்கை மூடுவார்கள். விதிமுறையில் முன்பே எழுதி வைத்திருப்பதால் எங்கும் முறையிட முடியாது. நேர்மையான தளத்திலேயே நம் ஊர்க்காரருக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

நம் சட்டம் இந்தக் காயின் சாமர்த்தியத்துக்கு இடமே வைக்கவில்லை. 2023 ஏப்ரல் 21 முதல் அமலில் உள்ள தமிழ்நாடு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், பணமோ வேறு பந்தயப் பொருளோ வைத்து அதிர்ஷ்ட விளையாட்டு ஆடுவதே குற்றம்: ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும்தான் திறமை விளையாட்டு என்று பிரித்தது. ஸ்லாட்டில் திறமைக்கு என்ன வேலை? பட்டனை அழுத்துவது மட்டும்தான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமோ பணத்துக்கு ஈடான அல்லது பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், கிரெடிட் எல்லாவற்றையும் பந்தயப் பொருள் என்றே வரையறுக்கிறது.

போதாக்குறைக்கு அந்நியச் செலாவணி விதிகள். நடப்புக் கணக்குப் பரிவர்த்தனைக்கான 2000-ஆம் ஆண்டு விதிகளில், இந்தியாவில் இருந்து பணம் அனுப்பவே கூடாதவற்றின் பட்டியலில் லாட்டரிச் சீட்டோடு ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ என்ற சொல்லே இருக்கிறது. நேர்வழியில் பணம் வெளியே போக முடியாது. அதனால்தான் இந்த விளம்பரக்காரர்கள் உள்ளூர் யுபிஐ ஐடி கொடுக்கிறார்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். பின் நம்பர் போடுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். விளம்பரத்தில் ஒரு நிறுவனம், திரையில் ஏதோ ஒரு தனிநபர் அல்லது ‘டிரேடர்ஸ்’. நாளைக்குக் கட்டினால் வேறு பெயர். அப்படி என்றால் அது வாடகைக் கணக்கு. கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக்கையும் சிம்மையும் கொடுத்தவரின் கணக்கு அது.

பணம் போவதை விட வருவது இன்னும் ஆபத்து. இது பலருக்குத் தெரியாது. நம்பிக்கை வர முதலில் 300, 800 என்று நிஜமாகவே அனுப்புவார்கள். அது வேறு ஊரில் யாரிடமோ பறித்த பணமாக இருக்கும். பறிகொடுத்தவர் புகார் செய்ததும் பணம் கைமாறிய வரிசையில் உள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக முடங்கலாம். 800 ரூபாய்க்காகச் சம்பளக் கணக்கே நின்றுபோகலாம். கிளை மேலாளர் தாமாக அதை விடுவித்துவிட முடியாது. முடக்கச் சொன்ன காவல் நிலையம் வேறு மாநிலத்தில் இருந்தால் அலைச்சல் இன்னும் கூடும். ‘எனக்குப் பணம் வந்தது, ஆகவே உண்மை’ என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்து போனஸ் கணக்கு. 500 ரூபாய் போனஸ், ‘40 மடங்கு ஆடிய பிறகே எடுக்கலாம்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதாவது 20,000 ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். சுற்றுக்கு 10 ரூபாய் என்றால் 2,000 சுற்று. நூற்றுக்கு 96 திருப்பித் தரும் நல்ல ஸ்லாட்டிலேயே 20,000-க்குச் சராசரி இழப்பு 800. போனஸோ 500. நீங்கள் கட்டியதும் 500 ஆக இருந்து, அதையும் சேர்த்து 40 மடங்கு என்றால் இழப்பு இரட்டிப்பாகும். போலிச் செயலியில் இந்தச் சதவீதமும் கிடையாது. திரையில் ஏறும் தொகை வெறும் எண். ‘உரிமம் பெற்றது’ என்ற முத்திரையை அழுத்திப் பாருங்கள். உரிமம் தந்த அமைப்பின் பக்கம் திறந்து அதே தள முகவரி அங்கே தெரிய வேண்டும். படமாக மட்டும் ஒட்டியிருந்தால் பொய். திறந்தாலும் வெளிநாட்டுத் தீவின் உரிமம் தமிழ்நாட்டில் செல்லாது.

பணம் எடுக்க ‘30 சதவீத வரி முன்கூட்டிக் கட்டு’ என்பார்கள். பரிசுப் பணத்துக்கு 30 சதவீத வரி உண்டு என்பது உண்மை. அதனால் நம்பத் தோன்றும். ஆனால் ரொக்கப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது கொடுப்பவரின் வேலை. வண்டி போன்ற பொருள் பரிசுக்கு மட்டும் வரியை முதலில் வாங்குவது உண்டு. அப்போதும் நிறுவனத்தின் டேன் எண்ணை (வரி பிடித்துக் கட்டுபவருக்கு வருமான வரித் துறை தரும் எண்) கேளுங்கள். கட்டிய வரி உங்கள் பான் எண்ணின் கீழ் வருமான வரி இணையதளத்தில் தெரிய வேண்டும். தனிநபர் ஐடிக்கு அனுப்பும் வரி என்று ஒன்று கிடையாது.

தீபாவளிக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகள் தரும் கூப்பனை இதோடு சேர்த்துப் பேசுவது நியாயமல்ல. அங்கே கடையும் முதலாளியும் கண்முன் இருக்கிறார்கள். ஆனாலும் குலுக்கல் தேதி, பரிசு விவரம், வென்ற எண்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். போட்டி முடிவை மறைப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. மதுரையிலேயே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

லிங்க்கில் ஏபிகே (ப்ளே ஸ்டோரில் இல்லாமல் நேரடியாக நிறுவும் செயலிக் கோப்பு) இறக்கச் சொன்னால் வேறு எதையும் சோதிக்க வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே இறக்கி எஸ்எம்எஸ் அனுமதியும் கொடுத்திருந்தால் ஓடிபி எல்லாம் அவர்கள் கையில். கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வேறு போனில் இருந்து வங்கிக்கும், இணையப் பண மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கும் பேசுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் கையில் இருக்கட்டும். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வீட்டில் திட்டுவார்களோ என்று இரவு முழுக்கத் தயங்கி, காலையில் புகார் செய்பவர்களின் பணம்தான் அதிகம் போகிறது. பெற்றோரும் அந்த நேரத்தில் கோபத்தை ஒத்திவைத்து, முதலில் 1930-ஐ அழைக்க வேண்டும். அதன் பிறகு ‘இழந்ததை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 2,000’ என்று டெலிகிராமில் வருபவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

தங்கள் நாளிதழ் பண்டிகைக் காலத்தில் 1930 என்ற எண்ணையும், ‘பின் போடுமுன் பெயரைப் பார்’ என்ற ஒரு வரியையும் விளம்பரப் பக்கத்திலேயே கட்டம் கட்டி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
எல்லீஸ் நகர், மதுரை.