எத்தனை பேட்டரி என்று கேட்பதற்கு முன்னால்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரிய மின்சாரம் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி கட்டுரை வருகிறது. விடாமல் படிக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றும் "வெயில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது, நாம்தான் அள்ளாமல் விடுகிறோம்" என்ற இடத்தில் வந்து முடிந்துவிடுகிறது. அள்ளியதை எங்கே வைப்பது, வைத்ததில் எவ்வளவு திரும்பி வரும், வைக்காமலே சமாளிக்க வழி உண்டா என்பதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. நான் இன்ஜினீயர் இல்லை. ஏழு வருடமாக மொட்டைமாடியில் பேனலையும் மாடிப்படிக்குக் கீழே பேட்டரியையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிற ஆள். செய்யக்கூடாத தப்பையெல்லாம் ஒரு சுற்று செய்து முடித்தாயிற்று, அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பேனலைப் பார்த்துவிட்டு விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எங்கள் வீட்டுக்கு எத்தனை பேட்டரி வேண்டும்?" என்பதுதான். ராத்திரி உங்கள் வீட்டில் என்னென்ன ஓடும் என்று நான் திருப்பிக் கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் பழைய மின்விசிறி இரண்டு, எட்டு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, ஐந்து மணி நேரத்துக்கு 0.18. ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு ஓடுவதில் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2 யூனிட் ஆயிற்றா, இதோடு நிறுத்தினால் தப்பு, ஏனென்றால் இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே கரண்ட் தின்னும். என்னுடையது 30 வாட் தின்கிறது, எதுவும் ஓடாவிட்டாலும் பதினான்கு மணி நேரத்துக்கு 0.4 யூனிட். இதை எனக்கு விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, மூன்று மாதம் கழித்து மீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆக ஏறக்குறைய 2.4 யூனிட். இப்போது பேட்டரி பக்கம் வருவோம். 12 வோல்ட், 150 ஆம்ப்-ஹவர் என்று எழுதியிருக்கும் லெட்-ஆசிட் (ஈயமும் அமிலமும் உள்ள வழக்கமான) பேட்டரியில், பெருக்கிப் பார்த்தால் 1.8 யூனிட். அப்போ இரண்டு போதுமே என்று நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியை தினமும் அடிமட்டம் வரை இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், பாதியோடு நிறுத்துவதுதான் அதற்கு நல்லது. அப்போ ஒன்றுக்கு 0.9 யூனிட். அதில் இன்வெர்ட்டர் பேட்டரியின் டி.சி. கரண்டை வீட்டுச் சாமான்களுக்கு வேண்டிய ஏ.சி.யாக மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு போய்விடும், மிஞ்சுவது 0.8. மூன்று பேட்டரி. 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் ஜோடியாகத்தான் போட முடியும் என்பதால் நான்கு. இதே வீட்டில் அந்த இரண்டு மின்விசிறியையும் பி.எல்.டி.சி. என்று விற்கிற, 30 வாட் மட்டும் தின்னும் புதுவகை மின்விசிறியாக மாற்றினால் 0.7 யூனிட் மிச்சம். கிட்டத்தட்ட ஒரு பேட்டரி செய்கிற வேலையை விசிறி மாற்றியே முடித்துவிடலாம், அதற்குத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், சில வருடம் கழித்து மாற்றவும் வேண்டாம். எத்தனை பேட்டரி என்ற கேள்வியை நான் கடைசியில் கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த 150 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் சி10 அல்லது சி20 என்று போட்டிருக்கும். சி20 என்றால் இருபது மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் 150 கிடைக்கும் என்று அர்த்தம், மூன்று மணி நேரத்தில் உறிஞ்சினால் அவ்வளவு வராது. சி10 என்றால் பத்து மணி நேரக் கணக்கு. ஒரே 150 என்று எழுதிய இரண்டு பேட்டரியில் சி10 போட்டதுதான் உண்மையில் பெரியது.

என் முதல் செட் இரண்டே வருடத்தில் போய்விட்டது. தண்ணீர் ஒழுங்காக ஊற்றினேன், அதுவும் டிஸ்டில்டு வாட்டர்தான், டெர்மினலில் துரு ஏற விட்டதில்லை, அப்படியும் போனது. காரணம் பிறகுதான் புரிந்தது: ராத்திரி எடுப்பதைப் பகலில் முழுதாகத் திருப்பி ஊட்ட எனக்குப் பேனல் போதவில்லை. மேகமூட்டமான நாட்களில் பேட்டரி பாதி, முக்கால் என்றே நின்றது, நூறைத் தொடவேயில்லை. லெட்-ஆசிட் பேட்டரியை அப்படி அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் வைத்தால் தகட்டின் மேல் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும், அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் அது முழுதாகக் கரையாது. அதாவது என்னிடம் பேட்டரி குறைவாக இருந்தது பிரச்சினை இல்லை, இருந்த பேனலுக்கு பேட்டரி அதிகமாக இருந்ததுதான் பிரச்சினை. பவர் பத்தவில்லை என்று புலம்பியபோது விற்றவர் இன்னும் இரண்டு பேட்டரி சேர்க்கச் சொன்னார். நல்லவேளை, கையில் காசில்லை. ஒரு கிலோவாட் பேனல், வெயிலையும் இடத்தையும் பொறுத்து, ஒரு நாளைக்கு 3 முதல் 5 யூனிட் தரும், மூடிய நாளில் ஒன்றுகூட வராமல் போகலாம். பேட்டரி அதை எடுத்து வைக்கும் பாத்திரம்தான், பாத்திரத்தைப் பெரிதாக்கினால் பால் கூடுமா?

லித்தியம் வாங்கலாமா என்று கேட்பார்கள். இப்போது வீட்டுக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 1990களின் நடுவில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடெனஃபின் ஆய்வுக்கூடத்தில் உருவானது, 2019இல் வேதியியல் நோபல் பரிசை லித்தியம்-அயனி பேட்டரிக்காக வாங்கிய மூவரில் அவரும் ஒருவர். இதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை இறக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம், போட்டதில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் திரும்பி வரும், லெட்-ஆசிட்டில் எட்டு வந்தால் பெரிது. எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய நிம்மதி, அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் இது கெடாது என்பது. குறையும் உண்டு. உறைநிலைக்குக் கீழே இதை சார்ஜ் செய்யக்கூடாது, குளிர்ப் பிரதேசத்தில் வெளியே வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அப்புறம், வோல்ட்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது, கடைசி வரை ஒரே மாதிரி காட்டிக்கொண்டிருந்துவிட்டு திடீரென்று விழும். லெட்-ஆசிட் அப்படி இல்லை, ஓய்வில் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.1 பக்கம் வந்தால் பாதி என்று மல்டிமீட்டர் வைத்தே சொல்லிவிடலாம். பழைய லெட்-ஆசிட்டும் புது லித்தியமும் கையில் இருக்கிறது, சேர்த்து மாட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. பழைய பேட்டரியோடு புதுப் பேட்டரியைச் சேர்ப்பதே கூடாது என்னும்போது இது எப்படி ஆகும்?

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். கரண்டைக் கரண்டாகவே சேமிப்பதுதான் இருப்பதிலேயே செலவு பிடித்த வழி. வெயில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட்டால் சேமிக்கவே தேவையில்லை. துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, தண்ணீர் மோட்டார், லேப்டாப் சார்ஜ் எல்லாம் எங்கள் வீட்டில் காலை பத்திலிருந்து மதியம் மூன்றுக்குள். ஆரம்பத்தில் வீட்டில் எல்லோரும் முணுமுணுத்தார்கள், இப்போது மேகம் வந்தால் அவர்களே மோட்டாரை நிறுத்துகிறார்கள். சூடாகவும் சேமிக்கலாம்: 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 3.5 யூனிட் வேண்டும். மேலே போட்ட கணக்கில் ராத்திரி முழுக்க வீடு ஓடியதே 2.4தான். அந்தச் சூட்டை பேனலில் பிடித்து, பேட்டரியில் போட்டு, ஹீட்டரில் எடுப்பது வீண் வேலை. பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், நேரடியாக நீரைச் சுடவைக்கும் சோலார் ஹீட்டர் அதைவிட இரண்டு மூன்று மடங்கு பிடித்துக்கொள்ளும். குளிராகவும் வைக்கலாம். ஃப்ரீசரில் காலியாக இருக்கும் இடத்தில் பாட்டிலில் தண்ணீர் வைத்துப் பகலில் உறையவிட்டு, ராத்திரி அதை ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதிக்கு மாற்றினால், ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்த பனிக்கட்டி உருகும்போது 93 வாட்-ஹவர் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், ராத்திரி கம்ப்ரஸர் அடிக்கடி ஓட வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர், அப்படியென்றால் பகலில் மேல்தொட்டிக்கு ஏற்றிய தண்ணீரை ராத்திரி கீழே விட்டு டர்பைன் சுற்றலாமே என்றார். யோசனை நல்லதுதான், அணைகளில் அதைச் செய்யவும் செய்கிறார்கள். ஆனால் 1000 லிட்டரை 10 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஒரு சொட்டு வீணாகாவிட்டாலும் கிடைப்பது 27 வாட்-ஹவர். ஒரு 9 வாட் பல்பு மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான். தொட்டி காலியாகி, காலையில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் போனதுதான் மிச்சமாக இருக்கும். அணையில் அது நடப்பது கோடிக்கணக்கான லிட்டரும் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரமும் இருப்பதால்.

அடுத்து, பலர் ஏமாந்துபோகும் இடம். பேனல் மாட்டிவிட்டோம், இனி கரண்ட் போனாலும் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். ஒரு நாள் உச்சி வெயிலில் லைன் போகும், பேனல் தகதகவென்று காய்ந்துகொண்டிருக்கும், வீட்டில் ஒரு விளக்குகூட எரியாது. இன்வெர்ட்டர் பழுதில்லை, அது அப்படித்தான் செய்ய வேண்டும். பேட்டரி இல்லாமல் லைனோடு மட்டும் இணைந்து ஓடும் கிரிட்-டை இன்வெர்ட்டர், லைன் செத்ததும் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் போய் அடிக்கும். லைன் போனாலும் ஓட வேண்டுமென்றால், லைனோடும் பேட்டரியோடும் ஓடத் தெரிந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் கொஞ்சமாவது பேட்டரியும் வேண்டும். இதை வாங்கும் முன்பே கேளுங்கள். வாங்கிய பின் கேட்டால் பதில் அதேதான், பில் மட்டும் வேறு.

பேனல் பக்கத்தில் நான் செய்த பெரிய தப்பு சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை. 330 வாட், 72 செல் பேனலை வாங்கி, விலை குறைவென்று பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் வழியாக 12 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தேன். பேனல் 37 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் தருவது. பி.டபிள்யூ.எம். அதை அப்படியே பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்பியர் அதே 9தான். பெருக்கிப் பாருங்கள், 117 வாட். பேனலில் மூன்றில் இரண்டு பங்கை எட்டு மாதம் வெறும் கூரையாக வைத்திருந்தேன். எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் அதிக வோல்ட்டைக் குறைத்து அதற்கு ஈடாக ஆம்பியரைக் கூட்டித் தரும். மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது.

வெயில் எவ்வளவுக்கெவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு கரண்ட் என்பதும் தப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு எதிரி. அதன் வாட் கணக்கு செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. கூரையில் 65 டிகிரி ஏறிவிட்டால், டிகிரிக்கு 0.4 சதவீதம் என்று வைத்தாலும் 16 சதவீதம் போச்சு. அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டச் சொல்வது இதனால்தான். நிழலும் அப்படித்தான், ஒரு குழாயின் நிழல் ஒரு செல்லின் மேல் விழுந்தால் அந்த ஒரு செல் மட்டும் போகாது, அதோடு கோத்திருக்கும் வரிசையே, அதாவது பெரும்பாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கே படுத்துவிடும். கழுவுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது வேடிக்கை இல்லை. பேனலை வெயிலில் அணைக்க சுவிட்ச் கிடையாது, வயரைக் கழற்றினாலும் நுனியில் வோல்ட் இருக்கும். நாலைந்து பேனலைத் தொடராகக் கோத்தால் 200 வோல்ட் டி.சி. ஏ.சி. கரண்ட் ஒரு நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், பிரேக்கர் விடுபடும்போது எழும் பொறி சீக்கிரம் அணையும், டி.சி. தொடாது, பொறி இழுத்துக்கொண்டே நிற்கும். அதனால் வீட்டு ஏ.சி. பிரேக்கரைப் பேனல் வயரில் மாட்டுவது தீ வைப்பதற்குச் சமம். டி.சி. என்று அச்சிட்ட பிரேக்கர், அந்த வோல்ட்டுக்குத் தகுந்தது, அதுதான் வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸும். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் அதைப் பூட்டாதீர்கள். என் வீட்டில் மாடிப்படிக்கு அடியில் இருந்த கதவைக் கழற்றி எறிந்தது இதற்குத்தான், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். என் சொந்தக் கதையை வெட்டுங்கள், டர்பைன் கதையையும் வெட்டுங்கள், இந்தக் கடைசிக்கு முந்தைய பத்தியை மட்டும் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர் ஒருவர்