அந்தக் குரல் பதிவை நானும் அனுப்பினேன்

தொரப்பாடி,
வேலூர்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. பாப்பாவைப் பள்ளி வேனில் அனுப்பப் பயமாக இருக்கிறது என்று நீ போனில் சொன்ன இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தவன் நான்தான்.

எதிர்வீட்டுப் பையனை நினைவிருக்கிறதா? கொடுக்கல் வாங்கல் தகராறில் அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், மூன்றாம் நாள் ஆம்பூர்ப் பக்கம் இறக்கிவிட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சின்னப் பிள்ளை, மறந்துவிடுவான் என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம். தெருவே கூடி, அடித்தார்களா, சோறு போட்டார்களா என்று கேட்டுக் கேட்டு, அவனைத் திரும்பத் திரும்ப, அவர்கள் அடைத்து வைத்திருந்த அறைக்குள்ளேயே தள்ளினோம். கதவைச் சாத்தினால் அலறுவான். வேன் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே கால்சட்டை நனைந்துவிடும். ஆபத்து விலகியது மனதுக்குத் தெரிந்த பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கும் என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மருத்துவமனை இருக்கிறது. குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் இடம். நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஊர் பைத்தியம் என்று சொல்லுமே என்று அவன் பெற்றோர் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

அதற்குப் பதில் உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். நீ சைக்கிள் ஓட்டக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நீ படித்திருப்பாய். நம் பழைய வட ஆற்காட்டு மண்தான் அது. கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து வந்த 65 வயது அம்மாள், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். அதற்குச் சில நாள் முன்புதான், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் குரல் பதிவை உனக்கும் உன் சித்தப்பாவுக்கும் அனுப்பினேன். உண்மையா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. அடித்தவர்களில் பிள்ளை பெற்றவர்களும் இருந்திருப்பார்கள். எதிர்வீட்டு வாசலில் அன்று நான் நடுங்கிய அதே நடுக்கம் அவர்களுக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

பாப்பாவை வேனில் அனுப்பு. ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அவளுக்கு மனப்பாடமாக்கு. எது நடந்தாலும் வீட்டில் சொல்லலாம், யாரும் திட்டமாட்டோம் என்று அடிக்கடி சொல்.

விடுமுறைக்கு வரும்போது அவள் முனைக்கடைக்குத் தனியாகப் போய் வரட்டும். நான் வாசலில் நிற்பேன். பின்னால் வரமாட்டேன்.

அன்புடன்,
அப்பா