கண்ணுக்குக் கண்: போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கு, ஸ்தோத்திரம்.

மலைப்பிரசங்கத்தில் 'கண்ணுக்குக் கண்' வரும்போதெல்லாம் நம் மேடைகளில் ஒரே காட்சிதான்: பழிவாங்கத் துடிக்கும் யூதர்கள், அவர்கள் நடுவே அன்பைப் போதிக்கும் இயேசு. இயேசுவை உயர்த்த யூதரைத் தாழ்த்தித்தான் ஆகவேண்டுமா? அந்தப் பழைய ஏற்பாட்டு வசனத்தை ரபிமார், அதாவது யூத வேத ஆசிரியர்கள், எப்படி வாசித்தார்கள் என்று ஒரு தடவையாவது சபைக்குச் சொல்லுங்கள்.

கி.பி. 200 வாக்கில் கலிலேயாவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் பாவா கம்மா என்றொரு பகுதி. அதன் 8ஆம் அதிகாரத்தில் கண்ணைப் பிடுங்கும் பேச்சே இல்லை. காயப்படுத்தியவன் ஐந்து வகையில் பணம் கட்டவேண்டும்: உறுப்பு போன நட்டம், வலி, வைத்தியம், வேலையிழப்பு, அவமானம். நகத்தில் சூடு வைத்துக் காயமே ஆகாவிட்டாலும் வலிக்குத் தனிக் காசு உண்டு. வேலையிழப்புக்கு வெள்ளரித் தோட்டக் காவல்காரனின் கூலிதான் அளவு. ஏனென்றால் போன கைக்கும் காலுக்கும் ஏற்கெனவே ஈடு கொடுத்தாயிற்று. இனி அவன் செய்யக்கூடியது காவல் வேலைதானே! இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்த்தவர்களையா ரத்தவெறியர் என்கிறோம்?

கண் என்று எழுதியிருக்க, காசு எங்கிருந்து வந்தது? மிஷ்னாவை ரபிமார் அலசி விவாதித்த பிந்திய நூலான தல்மூதில் இதற்கே நீண்ட வாதம் நடக்கிறது. ஒருவன் கண் பெரிது, மற்றவன் கண் சிறிது, எப்படிச் சமமாகும் என்கிறார் ஒருவர். குருடன் இன்னொருவனைக் குருடாக்கினால் எதைப் பிடுங்குவீர்கள் என்கிறார் ஷிமோன் பென் யோகாய். எனக்குப் பிடித்தது எண்ணாகமம் 35:31ஐ அவர்கள் பிடித்த விதம். கொலைகாரனின் உயிருக்கு மீட்கும் பொருள் வாங்கக்கூடாது என்கிறது அது. உயிருக்குத்தானே கூடாது? அப்படியானால் உறுப்புக்கு வாங்கலாம்!

எல்லாரும் ஒத்துப்போகவில்லை. கண் என்றால் கண்தான் என்று ரபி எலியேசர் சொன்னதையும் அதே தல்மூத் மறைக்காமல் வைத்திருக்கிறது, அதற்கு வேறு விளக்கம் தேடினாலும்.

மிஷ்னா இயேசுவுக்குப் பிந்தியதுதானே என்பீர்கள். சரி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், உறுப்பை இழந்தவன் பணத்துக்குச் சம்மதித்தால் பதிலுக்கு உறுப்பை எடுக்கவேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறாரே! அதுவும் போகட்டும். யாத்திராகமம் 21இல், 'கண்ணுக்குக் கண்' என்ற வசனத்துக்கு ஐந்தே வசனம் முன்னால், அடித்தவன் வேலை மினக்கெட்ட நஷ்டத்தையும் வைத்தியத்தையும் ஏற்கவேண்டும் என்றிருக்கிறது. அடுத்த முறை மத்தேயு 5:38ஐ எடுக்கும் ஞாயிறன்று, யாத்திராகமம் 21ஐ 24ஆம் வசனத்தில் தொடங்காமல் 18இலிருந்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்காரும் ஒரு சபையார்