மைனார்ஸ்கியைச் சொல்லும்போது: ஒன்ராறியோ வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 அன்று உங்களில் பலர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கதை நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வினிபெக்கில், போலந்திலிருந்து வந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் மைனார்ஸ்கி. இரண்டாம் உலகப் போரில் கனடிய விமானப்படையின் 419ஆம் அணியில், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் முதுகுப்பக்கக் கூண்டில் துப்பாக்கி வீரர். 1944 ஜூன் 12 இரவு, ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சின் கம்ப்ரே ரயில் தளத்தைத் தாக்கப் போன அவர்களுடைய விமானத்தை ஜெர்மன் விமானம் ஒன்று சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் போயின, தீ பிடித்தது. எல்லோரையும் குதிக்கச் சொன்னார் விமானி.

குதிக்கப் போன மைனார்ஸ்கி, வால்கூண்டுக்குள் அதன் துப்பாக்கி வீரர் பாட் பிரோஃபி சிக்கியிருப்பதைக் கண்டார். தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் நெம்பினார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். கூண்டு அசையவில்லை. போய்விடு என்று பிரோஃபி கையசைத்த பிறகுதான் திரும்பினார். எரியும் உடையோடு நின்று, பிரோஃபிக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார். பிரெஞ்சு மக்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். தீக்காயங்கள் அவரைப் பிழைக்க விடவில்லை.

பிரோஃபியோ, விமானம் தரையில் மோதியபோது வெளியே தூக்கி வீசப்பட்டு உயிர் தப்பினார். விமானத்தில் இருந்த எழுவரில் மைனார்ஸ்கி ஒருவரே இறந்தவர். பிரோஃபி உயிரோடு வந்து சொன்னதால்தான் 1946இல் மைனார்ஸ்கிக்கு, வீரத்துக்கான மிக உயரிய விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஒன்ராறியோவின் ஹமில்டன் நகரிலிருந்து இன்றும் பறக்கும் லங்காஸ்டர் விமானம் மைனார்ஸ்கியின் பெயரைத் தாங்குகிறது.

அந்தக் கூண்டு எதிர்பார்த்தபடியே பிரோஃபியையும் கொன்றிருந்தால்? பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் இறந்தவர்கள் 55,573 பேர். ஏறத்தாழ 10,000 பேர் கனடியர். எழுவரும் சேர்ந்தே மாண்ட விமானங்கள் எத்தனையோ. அவற்றுக்குள் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. லண்டனுக்கு அருகே ரன்னிமீட் நினைவிடச் சுவர்களில் கல்லறைகூட இல்லாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இருக்கின்றன.

உங்கள் வகுப்பிலுள்ள தமிழ்ப் பிள்ளைகள் பலரின் பெற்றோர் இலங்கைப் போரில் விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடியவர்கள். நானும் ஓடியவன். குண்டு போடப் போனவரை ஏன் அப்பா நினைக்கிறீங்கள் என்று என் மகளே கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். நேச நாடுகள் ரயில் தளங்களில் போட்ட குண்டுகளுக்குப் பிரெஞ்சுப் பொதுமக்களும் பலியானார்கள், அதை மறைக்காதீர்கள். ஆனாலும், கூட வந்தவனை விட்டுப் போக மனமில்லாமல் தீக்குள் தவழ்ந்தவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நினைவுத்தூணில் உள்ள விமானப்படை வீரர் ஒருவரின் பெயரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். கனடா அரசின் இணைய நினைவகத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் அணி, இறந்த நாள், கல்லறை இருக்கும் இடம் எல்லாம் கிடைக்கும்; சிலருக்குப் படமும் உண்டு. மைனார்ஸ்கியைச் சொல்லும் அதே வகுப்பில் அவரையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு தகப்பன்