வெள்ளிக்கிழமை மாத்திரை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வாட்ஸ்அப்பில் எழுதினால் "ஓம் அம்மா" என்று போட்டு முடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். உப்புக்காற்றில் முன் கேற் துருப்பிடித்துவிட்டது, அப்பா பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கிறார். வேறு புதினம் இல்லை.

உன் மூட்டுவாதத்துக்கு நீ அங்கே அக்குபஞ்சருக்குப் போகிறாய் என்று சின்ன மாமி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. நானும் ஊசி வைத்தியத்தைப் பழிப்பவள் அல்ல. களுபோவில ஆஸ்பத்திரியில் அன்ரன் ஜயசூரிய டொக்டர் அதை நடத்திய காலத்தில் பெரியப்பா இரவு ரயிலேறிப் போய்க் குத்திக்கொண்டு வந்தவர். அவருடைய முதுகு நிமிர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவள், தேடிப் படிக்காமல் இருப்பேனா? முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, கணைக்கால் எலும்புக்கு ஒரு விரல் வெளியே ஒரு புள்ளி. சீனர்கள் சூசன்லி என்கிறார்கள். ஹார்வர்டில் சியூஃபு மா என்பவரின் குழு, சுண்டெலிகளுக்குப் பற்றீரியா நஞ்சை ஏற்றி அழற்சியைக் கிளப்பிவிட்டு, பின்னங்காலில் அந்த இடத்தில் ஊசி வழியே மெல்லிய மின்சாரம் பாய்ச்சியது. 2021இல் நேச்சர் இதழில் வந்தது. காலிலிருந்து செய்தி மூளைக்கு ஏறி, வேகஸ் நரம்பு வழியே சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அதிரீனல் சுரப்பிக்கு இறங்குகிறது. அது சுரப்பவை அழற்சியைத் தணிக்கின்றன. அதே மெல்லிய மின்சாரத்தை வயிற்றில் பாய்ச்சினால் அந்த வழி திறக்கவே இல்லை. பத்தாவது மண்டை நரம்பு என்று எத்தனை வருடம் கரும்பலகையில் கோடு இழுத்திருப்பேன்! அதற்கு இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாமலே பென்ஷன் எடுத்துவிட்டேன்.

ஆனால் மகள், அது சுண்டெலி. அதற்கு வந்தது நஞ்சு ஏற்றிய அழற்சி, உன் விரல் மூட்டில் வருடக்கணக்காக இருப்பது அல்ல. அதே குழு 2020இல் எழுதியதையும் படித்தேன். வயிற்றில் கூடிய மின்சாரத்தை நஞ்சுக்கு முன்பே கொடுத்தால் எலி பிழைக்கிறது. அழற்சி மூண்ட பிறகு கொடுத்தால் இன்னும் மோசமாகிறது. ஊசி குத்தியதும் வலி குறையலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. வலி குறைந்தாலும் மூட்டுக்குள்ளே எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கலாம். கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தாய்? அழற்சியைக் காட்டும் அந்த சிஆர்பி எவ்வளவு?

வெள்ளி இரவு மூட்டுக்கு மெதோட்ரெக்சேட் மாத்திரை, சனி முழுக்கக் குமட்டல். எத்தனை வருடமாக உன் சனிக்கிழமைப் புலம்பலைக் கேட்டிருக்கிறேன்! மூன்று மாதமாக நீ புலம்பவில்லை. போன கிழமை வீடியோவில் தேநீர்க் கோப்பையின் காதைப் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக் குடித்தாய். நான் பார்த்ததைக் கண்டதும் கமராவை உயர்த்திவிட்டாய்.

ஊசியை நம்பி நிறுத்தினாய் என்றால் எனக்குக் கோபம் வரும். அந்த மாத்திரையை நிறுத்த நியாயமான காரணம் வேறொன்றும் உண்டு, எனக்கும் தெரியும். அதுவென்றால்... சரி, நான் கேட்கவில்லை. மருமகனிடமும் கேட்கமாட்டேன். தொட்டில் கட்ட ஆசையென்றால் மாத்திரையை நிறுத்திச் சில மாத இடைவெளி வேண்டும், அந்த நேரத்துக்கு ஏற்ற ஹைட்ரொக்சிகுளோரோகுயின் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன. எனக்குச் சொல்லத் தேவையில்லை. டொக்டருக்குச் சொல்.

ஒரு கந்தோரின் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருக்கிறாய் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறேன். உன் இரத்தக் கணக்கு உனக்குத் தெரியாதா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ நினைப்பாய். 2006இல் உனக்குப் பதினேழு. காலையில் விரல் மடங்கவில்லை, பேனா பிடிக்க ஒரு மணித்தியாலம் செல்கிறது என்றாய். தேங்காய் திருவக் கள்ளம் என்று சொல்லித் திருவலையில் உன்னை இருத்தினேன். நீ அழுதுகொண்டே திருவினாய். பிறகு நல்லெண்ணெய், நொச்சி இலை. பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணற்றுத் தண்ணீரையும் மாறி மாறி உன் கையில் ஊற்றினேன். பிரச்சினைக் காலம், ஊரடங்கு என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். கன்னியாவுக்குப் போக வழி இருந்ததே! ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம். ஒன்றரை வருடம் போக்கினேன். முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்று கொழும்பில் டொக்டர் சொன்னபோது நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன்பிறகு நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை. உன் வலது சுட்டுவிரல் வளைந்தது என்னால்தான் மகள்.

ஊசிக்குப் போ. அந்த மனுஷர் மாத்திரையை விடு என்று சொன்னால் மட்டும் எழும்பி வந்துவிடு. இரத்தம் சோதி. டொக்டரிடம் மறைக்காதே. இரத்தம் சோதி.

எதிர்வீட்டுத் தம்பி வரும் பதினைந்தாம் திகதி அங்கே வருகிறான். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொடுத்துவிடுகிறேன். டின் மூடிகளை இறுக்கவில்லை, சுற்றிவர ரேப் மட்டும் ஒட்டியிருக்கிறேன். ஒரு முனையை மடித்து விட்டிருக்கிறேன், பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

அம்மா